ஃபாக்ஸ்ட்ராட்: மூச்சு வாங்க மேலே வந்த நீர்மூழ்கி

பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியன் கட்டிய டீசல்-மின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உலகம் முழுவதும் சுற்றியது ஃபாக்ஸ்ட்ராட் வகை. சோவியத் ஆவணங்களில் இதன் பெயர் ‘புராஜெக்ட் 641’. ஃபாக்ஸ்ட்ராட் என்பது நேட்டோ நாடுகள் வைத்த அடையாளப் பெயர். 1957இல் முதல் கப்பலுக்கு அடிக்கட்டை இடப்பட்டது. 1980களின் தொடக்கம் வரை கட்டுமானம் தொடர்ந்தது. சோவியத் கடற்படைக்கு 58, வெளிநாடுகளுக்கு 17 என மொத்தம் 75 நீர்மூழ்கிகள் கடலில் இறங்கின. கியூபா ஏவுகணை நெருக்கடியில் அமெரிக்கப் போர்க்கப்பல்களிடம் சிக்கியவையும் இவைதான். இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவு பிறந்ததும் இவற்றோடுதான். விசாகப்பட்டினம் கடற்கரையில் மக்கள் ஏறிப் பார்க்கும் ‘குர்சுரா’ இந்த வகையைச் சேர்ந்தது.

பேட்டரி எவ்வளவு தாங்கும், அதைத் திரும்ப நிரப்ப எப்போது, எங்கே மேலே வருவது என்ற கேள்வி இந்த வகையின் வரைபட மேசையிலிருந்து உடைப்புத் தளம் வரை கூடவே வந்தது. ஃபாக்ஸ்ட்ராட்டின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

ஜெர்மன் பாடம்

இரண்டாம் உலகப் போரின் பெரும்பாலான நீர்மூழ்கிகள் உண்மையில் மேல்பரப்பில் ஓடும் கப்பல்களே. தாக்கவோ தப்பவோ வேண்டியபோது மட்டும் சிறிது நேரம் மூழ்கின. போரின் இறுதியில் ஜெர்மனி உருவாக்கிய ‘டைப் 21’ இதைத் தலைகீழாக மாற்றியது. நீருக்கடியில் தடையின்றி நழுவும் உடல் வடிவம், பன்மடங்கு பெரிய பேட்டரி, நீருக்குள் இருந்தபடியே காற்றை இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் ஆகியவை அதில் ஒன்றுசேர்ந்தன. போரின் போக்கை மாற்ற அது நேரத்தோடு வந்து சேரவில்லை. ஆனால் வென்ற நாடுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. சோவியத் யூனியனுக்கு நான்கு கிடைத்தன.

அந்தப் பாடத்திலிருந்து சோவியத் பொறியாளர்கள் இரண்டு வகைகளை உருவாக்கினர். நடுத்தர அளவில் ‘புராஜெக்ட் 613’. நேட்டோ அதை விஸ்கி என்றது. பெருங்கடலுக்கென்று ‘புராஜெக்ட் 611’. அதன் நேட்டோ பெயர் ஸூலு. ஸூலு நெடுந்தூரம் போகக்கூடியது. ஆனாலும் சுமார் 200 மீட்டருக்கு மேல் ஆழம் போகாது. அதைவிட ஆழமாக மூழ்கி, அதைவிட அதிக நாள் கடலில் நிற்கும் கப்பல் கேட்டது கடற்படை. லெனின்கிராடில் இருந்த 18ஆம் எண் மத்திய வடிவமைப்பு அலுவலகம், அதாவது பிற்காலத்தில் ‘ரூபின்’ என்று அறியப்பட்ட நிறுவனம், வரைந்து கொடுத்த விடைதான் புராஜெக்ட் 641. லெனின்கிராடின் சுதோமெக் கப்பல் தளம் அதைக் கட்டியது. முதல் கப்பலான பி-94, 1958 இறுதியில் பணியில் சேர்ந்தது.

டீசலும் பேட்டரியும்

டீசல் இன்ஜின் ஓடக் காற்று வேண்டும். நீருக்கடியில் காற்று கிடையாது. ஆகவே மேல்பரப்பில் டீசலாலும், மூழ்கியபின் பேட்டரியில் சேமித்த மின்சாரத்தாலும் ஓடுவது என்பதே டீசல்-மின் நீர்மூழ்கியின் ஏற்பாடு. மேலே இருக்கும்போது இன்ஜின்களைக் கொண்டே பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளலாம்.

ஃபாக்ஸ்ட்ராட் சுமார் 91 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் கொண்டது. நான்கு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். மேல்பரப்பில் அதன் எடை சுமார் 1,950 டன். மூழ்கியபின் சுமார் 2,475 டன். பின்புறத்தில் மூன்று புரொப்பெல்லர்கள். ஒவ்வொன்றுக்கும் 2,000 குதிரைத்திறன் கொண்ட ஒரு டீசல் இன்ஜினும் ஒரு மின்மோட்டாரும் உண்டு. இவை போக, மெல்ல ஊர்ந்து செல்வதற்கென்றே நடு அச்சில் 140 குதிரைத்திறனுள்ள சிறிய மோட்டார் ஒன்று. மேல்பரப்பில் சுமார் 16 நாட், நீருக்கடியில் சுமார் 15 நாட் வேகம் கிடைத்தது. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.)

பேட்டரியில் 448 ஈய-அமில செல்கள், 112 செல்கள் கொண்ட நான்கு தொகுதிகளாக அடித்தளத்தில் வைக்கப்பட்டன. இந்தக் கப்பலின் கணக்கு முழுவதும் இங்கேதான். நீருக்கடியில் முழு வேகத்தில் ஓடினால் சேமிப்பு ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2 நாட் வேகத்தில் ஊர்ந்தாலோ சுமார் 400 கடல் மைல் வரை இழுக்கலாம். வேகம் வேண்டுமா, நேரம் வேண்டுமா என்று கேப்டன் ஒவ்வொரு மணியும் முடிவெடுக்க வேண்டும். எதிரி துரத்தும்போது இரண்டும் ஒருசேரத் தேவைப்படும் என்பதுதான் சிக்கல்.

பேட்டரியை நிரப்ப முழுதாக மேலே வரவேண்டியதில்லை. பெரிஸ்கோப் ஆழத்தில் நின்று ஸ்நார்க்கல் குழாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டி டீசலை ஓட்டலாம். அலை வந்து குழாயின் வாயை மூடினால் அதன் தடுக்கிதழ் தானே மூடிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே வராது. அந்தச் சில நொடிகளில் இன்ஜின்கள் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும், எல்லோருக்கும் காது அடைக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் இரவு முழுவதும் இதே கதைதான். ஸ்நார்க்கல் நீட்டிய கப்பலை ரேடார் கண்டுபிடிக்கலாம். டீசலின் இரைச்சலோ தொலைவிலிருந்தே கேட்கும்.

நிரப்பும் வேலையும் ஆபத்தில்லாததல்ல. ஈய-அமில பேட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். எனவே காற்றோட்டம் நிற்காமல் இருக்கவேண்டும், வாயு அளவை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் உருவாகும்.

ஏழு அறைகள்

ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு இரட்டை உடல். ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் உருளை. அதைச் சுற்றி மெல்லிய வெளி உடல். இரண்டுக்கும் நடுவே நீர்த் தொட்டிகளும் எரிபொருள் தொட்டிகளும். தொட்டிக்குள் நீரை விட்டால் கப்பல் மூழ்கும். அழுத்தக் காற்றால் நீரை வெளியே தள்ளினால் மேலே வரும். டீசல் செலவாகச் செலவாகத் தொட்டியின் அடியில் கடல்நீர் வந்து நிரம்பும். டீசல் நீரின்மேல் மிதப்பதால் இரண்டும் கலப்பதில்லை. மிகுதியான எரிபொருள் கொண்டுசென்றதால் மேல்பரப்பில் 8 நாட் வேகத்தில் 20,000 கடல் மைல் அளவுக்கு ஓட முடிந்தது. ஆழ வரம்பு 280 மீட்டர்.

உள்ளே ஏழு அறைகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வட்டக் கதவு. காலை முதலில் நுழைத்து, தலையைக் குனிந்து, உடலை வளைத்துத்தான் தாண்ட முடியும். முதல் அறையில் ஆறு டார்பிடோக் குழாய்கள். இரண்டாவதில் அதிகாரிகளின் இருப்பிடம், அடியில் பேட்டரி. மூன்றாவது கட்டுப்பாட்டு அறை. பெரிஸ்கோப்பும், தொட்டிகளைத் திறந்து மூடும் வால்வுகளும், ஆழமானிகளும் அங்கே. நான்காவதில் சமையலறை, மாலுமிகளின் இடம், மறுபடி அடியில் பேட்டரி. ஐந்தாவதில் டீசல்கள், ஆறாவதில் மோட்டார்கள், ஏழாவதில் பின்னோக்கிச் சுடும் நான்கு டார்பிடோக் குழாய்கள். மொத்தம் பத்துக் குழாய்கள், 533 மில்லிமீட்டர் விட்டமுள்ள 22 டார்பிடோக்கள்.

இந்த உருளைக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள் மாட்டப்பட்டிருந்தன. ஆள் எண்ணிக்கையைவிடப் படுக்கைகள் குறைவு; ஒருவர் பணிக்கு எழுந்து போனதும் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுப்பார். நன்னீர் அளந்துதான் கிடைக்கும். டீசல் வாடை துணியிலும் சோற்றிலும் ஏறிவிடும். மூழ்கியிருக்கும்போது காற்றைப் புதுப்பிக்க ரசாயனத் தட்டுகள் பயன்பட்டன. அவை கரிவளியை உறிஞ்சிக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடும். அந்தத் தட்டுகளில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அவற்றைக் கையாள்வதே தனிக் கவனம்.

1962 ஜனவரி 11 அன்று போல்யார்னி துறைமுகத்தில் நின்றிருந்த பி-37 கப்பலின் முன்புற டார்பிடோ அறையில் தீ மூண்டு, டார்பிடோக்கள் வெடித்தன. பக்கத்தில் நின்ற இன்னொரு நீர்மூழ்கியும் சேதமடைந்தது. கப்பலிலும் கரையிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

1962 அக்டோபர்

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஃபாக்ஸ்ட்ராட் தன் வரலாற்றின் மிகக் கடுமையான சோதனையைச் சந்தித்தது. கியூபாவுக்குச் சோவியத் ஏவுகணைகள் ரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்டுக்கொண்டிருந்தன. அக்டோபர் 1 அன்று பி-4, பி-36, பி-59, பி-130 ஆகிய நான்கு நீர்மூழ்கிகள் கோலா தீபகற்பத்தின் சய்தா விரிகுடாவிலிருந்து கியூபாவின் மரியேல் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் 21 சாதாரண டார்பிடோக்களோடு அணுகுண்டு முனை பொருத்திய டார்பிடோ ஒன்றும் இருந்தது.

வடக்குக் கடல்களின் குளிருக்காகக் கட்டிய கப்பல்கள் வெதுவெதுப்பான சர்காசோ கடலுக்குள் நுழைந்தன. உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியது. இன்ஜின் அறைகளில் அதைவிட அதிகம். குளிரூட்டும் கருவிகள் செயலிழந்தன, குடிநீர் பங்கிடப்பட்டது, உடம்பெல்லாம் வேர்க்குரு. மாஸ்கோவிலிருந்து வானொலிச் செய்தி வரும் நேரம் மாஸ்கோவின் நள்ளிரவைக் கணக்கிட்டு வைக்கப்பட்டிருந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் அது பட்டப்பகல். செய்தி கேட்பதற்காகப் பகல் வெளிச்சத்தில் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வரவேண்டிய நிலை.

அமெரிக்கா கடற்படுகையில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்திருந்தது. மூன்று புரொப்பெல்லர்களும் டீசல்களும் எழுப்பிய ஓசை அவற்றில் விழுந்தது. விமானங்களும் அழிகப்பல்களும் சூழ்ந்துகொண்டன. அதன்பின் அமெரிக்கர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: பேட்டரி தீரும்வரை மேலே காத்திருப்பது.

அக்டோபர் 27 அன்று பி-59 அந்த நிலைக்கு வந்தது. மேலே வரச்சொல்லும் சைகையாக அமெரிக்கக் கப்பல்கள் சிறிய பயிற்சி வெடிகளைப் போட்டன. அப்படிச் செய்வோம் என்று வாஷிங்டன் மாஸ்கோவுக்குத் தெரிவித்திருந்தது. ஆனால் அந்தச் செய்தி நீர்மூழ்கிகளுக்குப் போய்ச் சேரவில்லை. இரும்பு உருளைக்குள் இருந்தவர்களுக்கு அது தாக்குதலாகவே கேட்டது. கேப்டன் வலென்தின் சவித்ஸ்கி கொதித்துப்போய் அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்று அதே கப்பலில் இருந்த தகவல்தொடர்பு அதிகாரி வாதிம் ஓர்லோவ் பிற்காலத்தில் கூறினார். நீர்மூழ்கிப் படைப்பிரிவின் தலைமை அலுவலர் வசீலி அர்கிப்போவ் அந்தக் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தார். அவர் கேப்டனை அமைதிப்படுத்த, மேலே வருவதென்று முடிவாயிற்று. சுற்றிலும் அமெரிக்கக் கப்பல்கள் நிற்க, அவற்றின் விளக்கொளியில் பி-59 தன் பேட்டரியை நிரப்பத் தொடங்கியது.

பி-130இன் மூன்று டீசல்களும் பழுதாகி, அது இழுவைக் கப்பலின் துணையோடு ஊர் திரும்பியது. பி-36ஐ ஒரு நாளுக்கு மேல் துரத்திய ‘சார்ல்ஸ் பி. செசில்’ என்ற அமெரிக்க அழிகப்பல் அக்டோபர் 31 அன்று அதை மேலே வரவைத்தது. பி-4 மட்டும் பிடிபடாமல் தப்பியது. இந்தச் செய்திகள் வெளியுலகுக்கு எட்ட சோவியத் யூனியன் உடையவேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு வந்தவை

1964இல் அமெரிக்காவிடமிருந்து பாகிஸ்தான் ‘காஸி’ என்ற நீர்மூழ்கியைப் பெற்றது. இந்தியாவிடம் ஒன்றும் இல்லை. இந்தியா முதலில் பிரிட்டனை அணுகியது, பேச்சு கைகூடவில்லை. 1965இல் சோவியத் யூனியனோடு நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தமானது. இந்திய மாலுமிகள் விளாதிவஸ்தோக்கில் பயிற்சி பெற்றனர். அதற்கு ரஷ்ய மொழியும் கற்கவேண்டியிருந்தது.

1967 டிசம்பர் 8 அன்று லாத்வியாவின் ரீகா துறைமுகத்தில் கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன் தலைமையில் ‘ஐ.என்.எஸ். கல்வரி’ இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. இன்றும் டிசம்பர் 8தான் இந்திய நீர்மூழ்கிகள் நாள். அப்போது சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது. அதனால் கல்வரி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் வந்துசேர்ந்தது. தொடர்ந்து கந்தேரி, கரஞ்ச், குர்சுரா ஆகியவை 1969 முடிவதற்குள் கடற்படையில் சேர்ந்தன. 1973, 1974 ஆண்டுகளில் வேலா, வாகீர், வாக்லி, வாக்ஷீர் என்று மேலும் நான்கு. வெப்பக் கடல்களுக்கு ஏற்ப இந்த ஏற்றுமதிக் கப்பல்களில் குளிரூட்டும் வசதி கூட்டப்பட்டது. சர்காசோ கடலில் சோவியத் மாலுமிகள் பட்ட பாட்டை இந்தியர்கள் அந்த அளவுக்குப் படவில்லை. நீர்மூழ்கிகளைப் பேணவும் ஆட்களைப் பயிற்றவும் விசாகப்பட்டினத்தில் 1971இல் ‘வீரபாகு’ தளமும் 1974இல் ‘சாதவாகனா’ பயிற்சி நிலையமும் அமைந்தன.

1971 போரில் குர்சுராவும் கரஞ்சும் அரபிக்கடலில் பாகிஸ்தான் கரையோரம் ரோந்து சுற்றின. இலக்கு எதிரிக் கப்பல்தான் என்று உறுதியானால் மட்டுமே சுடலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. வணிகக் கப்பல்கள் நிறைந்த அந்தக் கடலில் அது எளிதல்ல. இந்திய நீர்மூழ்கிகள் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. கரஞ்சின் கேப்டன் வி. எஸ். ஷெகாவத்துக்கு வீர் சக்ரா கிடைத்தது. பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதி ஆனார். அந்தப் போரில் பாகிஸ்தானின் காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. பிரெஞ்சு வடிவமைப்பான பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ என்ற டீசல்-மின் நீர்மூழ்கி, டிசம்பர் 9 அன்று இந்தியப் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. டீசல்-மின் நீர்மூழ்கி கையில் இருப்பவர்க்கு எவ்வளவு பலம், எதிரில் இருப்பவர்க்கு எவ்வளவு ஆபத்து என்பதை இரு தரப்பும் ஒரே மாதத்தில் கண்டன.

மற்ற நாடுகளில்

சோவியத் கடற்படை தன் ஃபாக்ஸ்ட்ராட்களை அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களிலும், 1960களின் பிற்பகுதியிலிருந்து மத்தியதரைக் கடலிலும் நிறுத்தியது. அணு நீர்மூழ்கிகள் பெருகிய பிறகும் நெடுநாள் ரோந்துக்கு இவையே பெரும்பாலும் அனுப்பப்பட்டன. ஓட்டச் செலவு குறைவு, பழுது பார்ப்பது எளிது. லிபியா ஆறு வாங்கியது, கியூபா மூன்று. போலந்து இரண்டைக் குத்தகைக்கு எடுத்து ‘வில்க்’, ‘ஜிக்’ என்ற பெயர்களில் 2003 வரை ஓட்டியது. கருங்கடல் படை பிரிக்கப்பட்டபோது உக்ரைனுக்கு ஒன்று கிடைத்தது. ‘ஸபோரிஷ்ஷியா’ என்ற அந்தக் கப்பல் அந்நாட்டின் ஒரே நீர்மூழ்கியாக இருந்தது. 2014இல் கிரிமியாவில் ரஷ்யாவின் கைக்குப் போயிற்று.

ஓய்வு

1970களிலேயே ஃபாக்ஸ்ட்ராட் பழையதாகிவிட்டது. அதன் வடிவம் இன்னும் மேல்பரப்புப் பயணத்தையும் மனத்தில் வைத்து வரைந்தது. மூன்று புரொப்பெல்லர்கள் மூன்று மடங்கு காட்டிக்கொடுத்தன. அடுத்து வந்த ‘டாங்கோ’ வகைக்குப் பெரிய பேட்டரியும் ஒலியை மட்டுப்படுத்தும் ரப்பர் பூச்சும் கிடைத்தன. அதன்பின் வந்த ‘கிலோ’ வகைக்கு நீர்த்துளி வடிவ உடலும் ஒற்றைப் புரொப்பெல்லரும். 1986 முதல் இந்தியாவும் கிலோ வகைக்கு மாறியது. சிந்துகோஷ் வரிசை அதுதான். அதே ஆண்டு ஜெர்மன் வடிவமைப்பான சிசுமார் வகையும் வந்து சேர்ந்தது.

இந்தியாவின் ஃபாக்ஸ்ட்ராட்கள் 1989இல் கந்தேரியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. கல்வரி 1996இல் விடைபெற்றது. வேலா 2010 ஜூனில் கொடி இறக்கியபோது அதற்கு வயது ஏறக்குறைய 37. அதே டிசம்பரில் வாக்லியும் ஓய்வு பெற, இந்தியாவில் இந்த வகையின் காலம் முடிந்தது. வாக்லியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் தமிழக அரசு திட்டமிட்டது; அந்தத் திட்டம் நிறைவேறவில்லை.

2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற குர்சுராவுக்கு அந்த நிலை வரவில்லை. அது கரையில் இழுத்து நிறுத்தப்பட்டு, 2002 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒரு முனையில் ஏறி, ஏழு அறைகளையும் கடந்து மறு முனையில் இறங்கலாம். வால்வுச் சக்கரங்களும் தொங்கும் படுக்கைகளும் டார்பிடோக் குழாய்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஓய்வு பெற்ற கடற்படையினர் விளக்கிச் சொல்கிறார்கள். ரஷ்யாவின் கலினின்கிராடில் பி-413 இதேபோலக் காட்சிக்கு நிற்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் காட்சிக்கு வைத்திருந்த பி-39 துருவேறிப்போனதால் 2022இல் உடைக்க அனுப்பப்பட்டது.

இந்திய ஃபாக்ஸ்ட்ராட்களின் பெயர்களில் குர்சுராவும் வாக்லியும் தவிர மற்ற ஆறும் இன்று பிரெஞ்சு வடிவமைப்பில் மும்பையில் கட்டிய ஸ்கார்பீன் வகைக்கு வழங்கப்பட்டுள்ளன. புதிய கல்வரி 2017 டிசம்பரில் சேர்ந்தது. ஆறாவதான வாக்ஷீர் 2025 ஜனவரியில். இவை பழையவற்றைவிட மிக அமைதியானவை, குறைந்த ஆட்களே போதும். ஆனாலும் இவையும் டீசல்-மின் கப்பல்களே. பேட்டரி இறங்கினால் ஸ்நார்க்கலை நீட்டியாக வேண்டும். ஒருமுறை ஸ்நார்க்கலை நீட்டுவதற்கும் மறுமுறை நீட்டுவதற்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டுவதற்காகத்தான் வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் எரிமின்கல அமைப்பை இந்தியா உருவாக்கிவருகிறது.